பல் வைத்த பத்திரம்

ஆங்கில பாஷையில் சட்டத்தைச் சேர்ந்த வார்த்தைகளில் "இண்டெஞ்சர்" என்பது ஒன்று. வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பழக்கமான வார்த்தையாயிருக்கலாம். மற்றவர்களில் பலர் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதன் உடன்பிறந்த தம்பியை எல்லோருக்கும் தெரியும். சர்க்கார் ஆபீஸில் காகிதம் தீர்ந்துபோனால் குமாஸ்தா "இண்டெண்டு" எழுதுகிறார். ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்தால் அங்கேயும் "இண்டெண்டு"தான். அச்சுக்கூடத்திலோ, ஒவ்வொரு பாராவின் முதல் வரியையும் சற்று உள்ளே தள்ளி ஆரம்பிக்கிறார்களே, அதற்கும் "இண்டெண்டு" என்றே பெயர்.

காகிதம் வரவழைப்பதற்கும், அச்சு வரியை உள்ளே தள்ளுவதற்கும், நம் நாட்டுக் குடியானவர்கள் லக்ஷக்கணக்கில் கடல் கடந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் என்ன சம்பந்தம்? மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேர், பல்.

லத்தீன் பாஷையில் "டென்ஸ்" என்றால் பல். நாம் யானைக்குத் தந்தம் என்கிறோமே, அந்த ஸம்ஸ்கிருத வார்த்தையும் லத்தீன் வார்த்தையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பாஷா சாஸ்திரிகள் நிரூபித்திருக்கிறார்கள். "இண்டெஞ்சர்" என்றால் பல் வைத்தது, பல் பல்லாக வெட்டப்பட்டது என்று பொருள். பத்திரத்துக்குப் பல் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆட்டுத் தோலும் கத்தியும்

இங்கிலாந்தில் பழைய காலத்தில் பத்திரங்களைப் பதனிட்ட ஆட்டுத் தோலில் எழுதினார்கள். இரண்டு பேர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டால், ஒரே தோலில் அதே வாசகத்தை இரண்டு தடவை எழுதுவார்கள். இரண்டு பிரதிகளுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு, அந்த இடத்தில் ஏதாவது ஒரு வார்த்தையைப் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். பிறகு கத்தியை எடுத்து, அந்தப் பெரிய எழுத்துக்களின் நடுவே, நேர்கோடாக அல்லாமல் ரம்பப் பல்லைப் போல வளைத்து வளைத்து வெட்டுவார்கள். ஒரு பாதி ஒருவனுக்கு, மறுபாதி மற்றவனுக்கு.

பின்னால் தகராறு வந்தால் இருவரும் தத்தம் பாதியைக் கொண்டுவர வேண்டும். இரண்டையும் மேஜைமேல் வைத்துச் சேர்த்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தி, வெட்டுப்பட்ட எழுத்துக்களும் ஒன்று கூடினால் இரண்டும் உண்மைப் பத்திரம். பொருந்தாவிட்டால் யாரோ மோசடி செய்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுங்கூடக் கண்ணால் பார்த்து நிச்சயம் செய்துகொள்ளக் கூடிய அத்தாட்சி இது.

நிலத்தைப் பற்றி அரசர் கோர்ட்டில் முடிவான உடன்படிக்கைகளுக்கு 1195-ம் வருஷத்திலிருந்து இன்னும் ஒரு காப்பு ஏற்பட்டது. இரண்டுக்குப் பதிலாக மூன்று பிரதிகள் எழுதி, தோலின் அடிப்பாகத்திலிருந்த மூன்றாவது பிரதியை அரசாங்கப் பொக்கிஷத்தில் வைத்துவிட்டார்கள். இரண்டு கக்ஷிகளும் சேர்ந்துகொண்டு ஏமாற்றினாலும் மூன்றாவது பல் காட்டிக் கொடுத்துவிடும்!

நம் தேசத்திலும் பத்திரத்துக்குப் பிரதி வைக்கும் வழக்கம் பழமையானதே. பெரிய புராணத்தில் சுந்தரமூர்த்தி நாயனாரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழ வேதியர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலையை நீட்டிய கதையை அறியாதவர் யார்? சுந்தரர் கோபங்கொண்டு ஓலையைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார். கிழவர் கலங்கவில்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார். அந்த ஊர்ச் சபையார் மூல ஓலையை வாங்கி, அதிலிருந்த கையெழுத்தைச் சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். அங்கே பல்லோடு பல். இங்கே எழுத்தோடு எழுத்து. நோக்கம் ஒன்றே.

தமிழில் "முறி" என்ற சொல்லுக்குத் துண்டு என்றும் பொருள் உண்டு. பத்திரம் என்றும் பொருள் உண்டு. இலங்கைத் தமிழர்கள் இன்றைக்கும் கடன் பத்திரத்தைப் "பிணைமுறி" என்றே வழங்குகிறார்கள்.

மொட்டைப் பத்திரம்

இரண்டு கக்ஷி இருந்தால் பல் வைக்க வேண்டும். ஒரே ஒருவர் தம் இஷ்டத்தைத் தாமாகவே எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்குப் பல் எதற்கு? அதற்குப் பொருத்திப் பார்க்க மறுபாதி கிடையாதே! ஆகையால் அதன் ஓரத்தை நேராகச் சிரைத்துவிட்டார்கள். அதற்கு "டீட் போல்" என்று பெயர். "போல்" என்றால் வழித்தது, மொட்டையாக்கியது என்று அர்த்தம். இங்கிலாந்தில் ஒருவர் தம் பெயரை மாற்றிக்கொள்ள விரும்பினால் எழுதும் பத்திரம் இதுவே. நாம் இதை "மொட்டைப் பத்திரம்" என்று மொழிபெயர்த்தால் விபரீதமாகிவிடும். கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

இன்னொரு வார்த்தையையும் இங்கே விலக்கிவிடுவது நல்லது. கம்பெனிகள் கடன் வாங்கும்போது கொடுக்கும் "டிபெஞ்சர்" என்ற பத்திரம் காதுக்கு இண்டெஞ்சரின் தமக்கை மாதிரி ஒலிக்கும். ஆனால் உறவு கிடையாது. அது "கொடுபடவேண்டியவை" என்று பொருள்படும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. அதில் பல் இல்லை, கடன்தான் இருக்கிறது.

காலக்கிரமத்தில் தோல் போய்க் காகிதம் வந்தது. பல் வெட்டுவது வெறும் சடங்காயிற்று. 1845-ம் வருஷத்தில் ஆங்கிலப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. இண்டெஞ்சர் என்று சொல்லிக்கொள்ளும் பத்திரத்துக்கு உண்மையில் பல் வெட்டியிராவிட்டாலும் அது இண்டெஞ்சராகவே செல்லும் என்பது அதன் ஒரு ஷரத்து. பல் விழுந்துவிட்டது, பெயர் மட்டும் நின்றது. சென்னையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கிரய பத்திரங்களில் முதல் வார்த்தைகளாக "இந்த இண்டெஞ்சர்" என்று இருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம்.

ஆளை எழுதிக் கொடுத்தல்

நிலத்தையும் வீட்டையும் பற்றி எழுதப்பட்ட இந்தப் பத்திரத்தை, மனிதனுடைய உழைப்பைப் பற்றியும் எழுதினார்கள். இங்கிலாந்தில் தச்சு, கொல்லு, அச்சு முதலிய தொழில்களைக் கற்றுக்கொள்ளப் போகும் பையனை, இத்தனை வருஷம் உழைப்பதென்றும், எஜமானன் சோறும் துணியும் கொடுத்துத் தொழிலும் கற்றுக் கொடுப்பதென்றும் இண்டெஞ்சர் எழுதிச் சேர்ப்பார்கள்.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1718-ல், பன்னிரண்டாவது வயதில், தம் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் இப்படித்தான் சேர்ந்தார். இருபத்தொரு வயது வரையில் கட்டு. ஆனால் அண்ணன் நடத்திய பத்திரிகைக்கு அரசாங்கத்தாரால் இடையூறு வந்தது. தம்பியின் பெயரால் பத்திரிகையை நடத்துவதற்காக, பழைய இண்டெஞ்சரின் முதுகில் "விடுதலை செய்தேன்" என்று எழுதிக் கொடுத்து, புதிய இண்டெஞ்சர் ஒன்றை ரகசியமாக எழுதி வாங்கிக்கொண்டார் அண்ணன். தம்பியோ கெட்டிக்காரர். ரகசியப் பத்திரத்தை அண்ணன் வெளியே காட்டமாட்டார் என்று தெரிந்து, 1723-ல் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போய்விட்டார்.

பிராங்க்ளினுக்கு அந்தத் துணிவு எப்படி வந்தது? அவருக்குப் படிக்கத் தெரியும். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதும், அதை யார் எங்கே காட்ட முடியும் என்பதும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாதவர்களின் கதைக்கு வருவோம்.

1833-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் செய்தது. அடிமைகளுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு இரண்டு கோடி பவுன் நஷ்ட ஈடு கிடைத்தது. விடுதலையடைந்த ஜனங்களில் பலர் பழைய கரும்புத் தோட்டங்களில் உழைக்க விரும்பவில்லை. கரும்போ காத்திராது. தோட்ட முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள்.

1834-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட "அட்லாஸ்" என்ற கப்பல் முப்பத்தாறு கூலியாட்களை மொரீஷியஸ் தீவில் கொண்டு போய் இறக்கியது. அதற்குப் பின் அந்தத் துறைமுகத்தின் வழியாகப் போனவர்கள் ஏறக்குறைய ஐந்து லக்ஷம் பேர். அவர்கள் ஏறிச் சென்ற கற்படிகள் இன்றும் இருக்கின்றன. 2006-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்ரூரோ" கப்பல், 342 பேருடன், 1860-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரையில் அந்த நேட்டால் நாட்டுக்கு மட்டும் ஒன்றரை லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். பிஜித் தீவுக்கு 1879-ல் கப்பல் போக ஆரம்பித்தது. 1903 முதல் தென்னிந்தியர்களும் அங்கே போனார்கள்.

இவர்கள் எல்லோரும் கையெழுத்தோ கைரேகையோ வைத்துக் கொடுத்த ஒப்பந்தத்துக்கும் இண்டெஞ்சர் என்றே பெயர். வட நாட்டவர் வாயில் "அக்ரிமெண்டு" என்ற வார்த்தை நுழையவில்லை. அது "கிர்மிட்" ஆயிற்று. அதில் கட்டுண்டவன் "கிர்மிட்டியா" ஆனான். பிஜித் தீவில் அவர்களுடைய சந்ததியார் இன்றும் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்லுகிறார்கள்.

பல் எங்கே போயிற்று?

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? ஐந்து வருஷம் வேலை. நேட்டாலில் முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளம். பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. பிஜியில் வாரத்தில் ஐந்து நாள் ஒன்பது மணி நேரமும் சனிக்கிழமை ஐந்து மணி நேரமும் வேலை. அளந்து கொடுத்த வேலையை முடித்தால் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். பத்து வருஷம் தங்கினால் ஊர் திரும்ப இலவசக் கப்பல். காகிதத்தில் வாசித்தால் பெரிய அநியாயமாகத் தோன்றாது.

அநியாயம் ஷரத்தை மீறும்போது தெரிந்தது. சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால், எஜமானன் சிவில் கோர்ட்டில் நஷ்டத்துக்கு வழக்குத் தொடுக்கலாம், அவ்வளவுதான். இண்டெஞ்சர் கூலி வேலையை விட்டுப் போனால் அது கிரிமினல் குற்றம், ஜெயில். முதலாளி சம்பளத்தைப் பிடித்துக்கொண்டாலோ, கூலி அதிகாரியிடம் போய் முறையிட வேண்டும். முறையிடப் போவதற்கு அந்த முதலாளியிடமே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்! ஆட்டுத் தோலில் இரண்டு பாதியிலும் இருந்த பல், இந்தப் பத்திரத்தில் ஒரு பாதியில் மட்டும் முளைத்திருந்தது.

அந்தப் பல் கடித்த ஒருவரை மகாத்மா காந்தி தம் சுய சரிதையில் நமக்குக் காட்டியிருக்கிறார். 1894-ல், டர்பனில் அவர் வக்கீல் தொழில் ஆரம்பித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. பாலசுந்தரம் என்ற தமிழர், கந்தலாடையுடன், முண்டாசைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுதபடி அவர் முன்னே வந்து நின்றார். எஜமானன் அடித்த அடியில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து இரத்தம் பெருகிக்கொண்டிருந்தது. காந்திஜியின் குமாஸ்தா தமிழராகையால் விஷயம் முழுவதும் விளங்கிற்று.

காந்திஜி முதலில் அவரை டாக்டரிடம் அனுப்பி அத்தாட்சி வாங்கினார். பின்னர் மாஜிஸ்டிரேட்டிடம் அழைத்துச் சென்றார். எஜமானனைத் தண்டிப்பது காந்திஜியின் நோக்கமாயில்லை. பாலசுந்தரத்தை அந்தக் கட்டிலிருந்து விடுவிப்பதே நோக்கம். ஆனால் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், அடிபட்டவன் தானாக விலகிக்கொள்ள வழியே இல்லை. கூலிகளின் பாதுகாப்பு அதிகாரி ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய வேண்டும் அல்லது வேறு எஜமானனுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடித்த எஜமானனே மனமிரங்கி விட வேண்டும். முடிவில் எஜமானன் சம்மதித்தான். காந்திஜி வேறொரு வெள்ளைக்காரரைத் தேடிப் பிடித்து ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றச் செய்தார். பல்லுடைந்த மனிதருக்குக் கிடைத்த நியாயம், வேறு ஒரு முதலாளி!

ஆயினும் அச்செய்தி தோட்டந்தோறும் பரவியது. தங்களுக்காகப் பேச ஒருவர் இருக்கிறார் என்று ஏழைத் தமிழர்களுக்குத் தெரிந்தது. பாலசுந்தரம் முண்டாசைக் கையில் பிடித்து வந்ததும் காந்திஜியின் மனத்தைச் சுட்டது. வெள்ளைக்காரர் முன்னிலையில் தலைப்பாகையை எடுக்கும்படி பழக்கப்பட்டவர், இந்தியர் ஒருவரின் முன்னேயும் அப்படியே நின்றார். அதைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி காந்திஜி சொன்னார். பாலசுந்தரம் தயங்கினார், கட்டிக்கொண்டபோது அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்ததாம்.

கட்டு அறுந்த கதை

ஐந்து வருஷம் முடிந்தவனாவது சுதந்திரமாக வாழ்ந்தானா? அதற்கும் நேட்டால் சர்க்கார் ஒரு தடை வைத்தது. மறுபடியும் ஒப்பந்தத்தில் கட்டுப்படாமலும் ஊர் திரும்பாமலும் இருக்க விரும்புகிறவன் வருஷந்தோறும் மூன்று பவுன் வரி கட்ட வேண்டுமென்று 1895-ல் சட்டம் செய்தது. மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். ஐந்தாவது வருஷத்தில் மாதம் பதினான்கு ஷில்லிங் வாங்கியவனுக்கு அது நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல். பின்னால் வயது வந்த பிள்ளைகள் தலையிலும் பெண்கள் தலையிலும் அதே வரி விழுந்தது.

1910-ல் கோகலே நமது சட்டசபையில் இப்பிரச்னையைக் கிளப்பினார். 1911-ம் வருஷம் ஜூலை முதல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. 1913-ல் மூன்று பவுன் வரியை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் மூண்டது. ஜோஹானஸ்பர்க் நகரத்துத் தமிழ் ஸ்திரீகள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், வரியை எடுக்கும் வரையில் வேலை செய்யாதீர்கள் என்று தொழிலாளர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய், சுரத்துடன் வெளிவந்து, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்த இளம் பெண்தான் தில்லையாடி வள்ளியம்மை. அவ்வருஷமே வரி ரத்தாயிற்று.

பிஜித் தீவின் கொடுமைகளை ஆண்ட்ரூஸும் பியர்ஸனும் 1915-ல் நேரில் போய்ப் பார்த்து வந்து எழுதினார்கள். அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களை நினைத்துப் பாரதியார் பாடியதைத் தமிழர்கள் அறிவார்கள். 1916-ல் பண்டித மாளவியா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தை வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு ஏற்றுக்கொண்டார். 1917-ல் இண்டெஞ்சர் கூலிகளை அனுப்புவது நின்றது. பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதல் தேதி ரத்துச் செய்யப்பட்டன.

கடலுக்கு அப்பால் மட்டுமே இந்த அநீதி இருந்தது என்று எண்ண வேண்டாம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலை செய்யத் தவறினால் அவனை ஜெயிலுக்கு அனுப்பலாம் என்ற 1859-ம் வருஷத்துச் சட்டம் சென்னைப் பட்டணத்திலும் அமுலில் இருந்தது. அதை 1925-ல்தான் எடுத்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இண்டெஞ்சர் கிடையாது. அதற்குப் பதில் "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. இன்னின்ன ஆட்களின் பேரில் இவ்வளவு கடன். கடனைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று ஒரு துரை எழுதிக் கொடுப்பார். வேறொரு துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். 1921-ல் இலங்கைச் சட்டம் அதைத் தடை செய்தது. வார்த்தை ஆங்கிலமாயிருந்தாலென்ன, நல்ல தமிழாயிருந்தாலென்ன? கட்டப்பட்டவனுக்குக் கட்டு ஒன்றுதான்.

எது ஒப்பந்தம்?

இந்த வார்த்தை இன்னும் உயிரோடிருக்கிறது. அமெரிக்காவில் கம்பெனிகள் பொது ஜனங்களிடம் கடன் வாங்கும்போது எழுதும் மூல ஒப்பந்தத்துக்கு இண்டெஞ்சர் என்று பெயர். அதைப் பற்றி 1939-ம் வருஷத்தில் தனிச் சட்டமே செய்தார்கள். அங்கே அந்த வார்த்தை கடன் கொடுத்த சிறிய மனிதனைக் காப்பாற்றுகிறது. அதாவது, தன் பழைய பொருளுக்கே திரும்பியிருக்கிறது.

ஒப்பந்தம் என்றால் என்ன என்பதை 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் நன்றாகவே சொல்லியிருக்கிறது. இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தச் சம்மதம் பலவந்தம், தகாத செல்வாக்கு, மோசடி, பொய், பிழை ஆகிய இவற்றால் பிறந்ததாயிருக்கக் கூடாது. கரும்புத் தோட்டம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கைரேகை வைத்தவன், எந்த அர்த்தத்தில் எதை ஏற்றுக்கொண்டான்?

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் 23-வது பிரிவில் கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்தது. ஆயினும் ஒரு பக்கம் மட்டும் பல் வைத்த பத்திரங்கள் மறைந்துவிடவில்லை. அயல்நாட்டுக்கு வேலைக்குப் போகிறவரிடம் புறப்படும் தினத்தன்று புரியாத பாஷையில் ஒரு காகிதத்தை நீட்டுவதும், போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி எஜமானன் பெட்டியில் பூட்டிக்கொள்வதும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளே முதல் உத்தியோகத்தில் சேரும்போது, இத்தனை வருஷம் விலகுவதில்லை என்று "பாண்டு" எழுதிக் கொடுத்து, அசல் சர்டிபிகேட்டுகளையும் ஒப்படைத்துவிட்டு வருவதில்லையா? வேலை கிடைத்த மகிழ்ச்சியில் வீட்டில் யாரும் அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்ப்பதில்லை.

கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. இதில் எழுதியிருப்பது எனக்குப் புரிகிறதா? இதன் பிரதி ஒன்று என் கையில் இருக்குமா? நான் மீறினால் எனக்கு என்ன நேரும். அவர் மீறினால் அவருக்கு என்ன நேரும்? மூன்றாவது கேள்விக்கு இரண்டு பக்கமும் ஒத்த விடை கிடைக்காவிட்டால், அது எவ்வளவு உயர்ந்த முத்திரைக் காகிதத்தில் எழுதப்பட்டிருந்தாலும் கையைச் சற்று நிறுத்திக்கொள்ளலாம்.

எழுத்தறியாத குடியானவனும் தன் பாதியைக் கொண்டுவந்து பிரபுவின் பாதியோடு பொருத்திப் பார்க்கலாம் என்பதற்காகவே பழைய காலத்து மனிதர்கள் தோலில் பல் வெட்டினார்கள். அந்த உரிமை போன இடத்தில் பத்திரம் விலங்காகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த நாம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து படித்துச் சொல்லவும் வேண்டும்.